ஆப்சைடு ஞானாபரணம்

புளியறவிளையில் ஒரு ஆளுக்கு வட்டப்பேர் இல்லையென்றால், ஒன்று அவர் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும், இல்லை கையில் நாலு காசுள்ள பெரிய மனிதராக இருக்க வேண்டும். மற்ற எல்லாருக்கும் உண்டு. ஞானஸ்நானத்தில் போதகர் வைக்கிற பேரும், ஜாதகம் பார்த்து வைக்கிற பேரும் ரேஷன் கார்டில் ஏறுவதோடு சரி. மீசை முளைப்பதற்குள் ஊர் இன்னொரு பேரைக் கண்டுபிடித்து ஒட்டிவிடும். அப்புறம் கல்யாணப் பத்திரிகையில்கூட அடைப்புக்குறிக்குள் அதைப் போட்டால்தான் பந்திக்கு ஆள் வரும்.

ஜெயபாய் டீச்சருக்கு இந்த வழக்கமே ஆகாது. முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவர். வகுப்பில் எவனாவது பக்கத்தில் இருப்பவனை எலி என்றோ போண்டா என்றோ கூப்பிட்டது காதில் விழுந்தால், அவனுடைய முழுப்பெயரை இனிஷியலோடு நூறு தடவை எழுத வைப்பார். ஊரில் பாதி ஆண்களுக்குத் தன் கூட்டுக்காரனின் சரியான பேர் தெரிந்ததே இந்தத் தண்டனையால்தான். அப்படிப்பட்ட டீச்சருக்கு வாய்த்த புருஷனுக்குத்தான் ஊரிலேயே பேர்போன வட்டப்பேர் இருந்தது. ஆப்சைடு.

அவர் பேர் ஞானாபரணம். கூட்டுறவு சங்கத்தில் கிளார்க். வீட்டில் அவர் இருக்கிறாரா இல்லையா என்று எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவு சத்தமில்லாத மனிதர். குழம்பில் உப்பே இல்லையென்றாலும் எழுந்து போய்ப் போட்டுக்கொண்டு வந்து சாப்பிடுவார். ஆனால் கால்பந்து மைதானத்துக்குள் கால் வைத்துவிட்டால் அந்த ஆளே வேறு.

மேற்கே இந்தப் பக்கத்து ஊர்களில் எல்லாம் ஆடுவது செவன்ஸ். பக்கத்துக்கு ஏழு பேர். சின்ன மைதானம், வேகமான ஆட்டம், அதில் ஆப்சைடு என்கிற விதியே கிடையாது. கோல் கம்பத்தின் கீழே பாய் விரித்துப் படுத்துக் கிடந்து கோல் அடித்தாலும் அது கோல்தான். ஞானாபரணம் நாகர்கோவிலில் காலேஜ் படித்தபோது பதினொரு பேர் ஆட்டம் ஆடியவர். அந்த விதி அவர் மண்டையை விட்டு இறங்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வருடம், எதிரணிக்காரன் நம் வலைக்குள் பந்தைத் தள்ளியதும், கேலரியின் உச்சிப் படியில் எழுந்து நின்று, கையை உயர்த்தி, அடிவயிற்றிலிருந்து "ஆப்சைடு" என்று ஒரு சத்தம் போட்டார். நடுவர் ஒரு நொடி பயந்தே போனார். பிறகு மைதானம் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மறுநாள் காலையில் அவர் பேர் மாறிவிட்டது.

வேறு யாராவது என்றால் வெட்கப்பட்டு ஒதுங்கியிருப்பார்கள். இவர் அதையே தொழிலாக்கிக்கொண்டார். நம் அணி கோல் வாங்கும்போதெல்லாம் எழுந்து நின்று கூப்பிடுவார். விதி கிடையாது என்று அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். தோற்கப் போகிற கவலையில் இறுகிக் கிடக்கிற முகங்கள் அந்தச் சத்தத்தில் இளகும்.

டீச்சர் வீடு மைதானத்துக்கு ஒரு கூப்பிடு தூரம். நடுவில் ரப்பர் தோட்டம் மட்டும்தான். ஆட்டம் நடக்கிற நாளில் அவர் அடுக்களையில் நின்றால், ஆயிரம் பேர் இரைச்சலுக்கு மேலே புருஷனின் குரல் மட்டும் தனியாக வந்து சேரும். ஆப்சைடு. நம் அணி ஒரு கோல் வாங்கியாச்சு என்று அர்த்தம். டீச்சருக்கு மானம் போகும். பள்ளிக்கூடத்தில் மகள் ஸ்மைலினை 'ஆப்சைடு மவ' என்று கூப்பிட்ட ஒருவனுக்கு இருநூறு தடவை எழுதும் தண்டனை கிடைத்த கதையும் உண்டு.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால், இறுதி ஆட்டத்தன்று, அந்தக் குரல் வந்தது. டீச்சர் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். ஆரம்பிச்சாச்சு இவருக்கு என்று முணுமுணுத்துவிட்டு அடுத்த பேப்பரை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் லாரியிலிருந்து மரத்தடிகளை மொத்தமாகச் சரித்த மாதிரி ஒரு ஓசை. அதன் பிறகு கேட்டது ஆட்டத்தின் இரைச்சல் இல்லை என்பது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. செருப்புக்கூடப் போடாமல் ரப்பர் தோட்டத்துக்குள் ஓடினார்.

அப்போது கேலரி கமுகு மரத்தில் கட்டுவது. முந்தின வாரம் முழுக்க மழை. நனைந்த தடி, இளகிய மண், ஏற்ற வேண்டியதைப் போல இரண்டு மடங்கு ஜனம். கிழக்குப் பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. நாலு பேர் போனார்கள். கோலப்பன், தையல்கடை சுயம்புராஜ், காலேஜில் படித்துக்கொண்டிருந்த ஸ்டெனி, பிறகு ஞானாபரணம். டீச்சர் தன் புருஷனின் வாயிலிருந்து கேட்ட கடைசி வார்த்தை ஆப்சைடு. அதுவும் தன்னைப் பார்த்துச் சொன்னதில்லை.

இரண்டு வருடம் போட்டி நடக்கவில்லை. மூன்றாம் வருடம் மறுபடி தொடங்கினார்கள். இறுதி ஆட்டத்துக்கு முன் ஒரு நிமிடம் மௌனம், நாலு பேர் பேரையும் மைக்கில் வாசிப்பது என்று ஏற்பாடு. டீச்சரை அழைத்தார்கள், அவர் போகவில்லை. வீட்டில் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். திடீரென்று ரப்பர் தோட்டத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஊரே சேர்ந்து போட்ட சத்தம் வந்தது. ஆப்சைடு. அதன் பின்னாலேயே சிரிப்பு. செத்த பிறகும் என் புருஷனை விட மாட்டார்களா என்று ஜன்னலைச் சாத்திவிட்டு அழுதார். அடுத்த வருடமும் அதே கதை. அப்புறம் இறுதி ஆட்டத்தன்று காலையிலேயே பஸ் ஏறிக் கோட்டாற்றில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவதை வழக்கமாக்கிக்கொண்டார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. யாரும் எதுவும் சொல்லவும் இல்லை. டீச்சர் முகத்துக்கு நேரே நின்று அந்த வட்டப்பேரை எடுக்கிற தைரியம் ஊரில் எவனுக்கு இருந்தது?

இந்த வருடம் சிமெண்ட் கேலரி கட்டி முடித்தார்கள். அரைநாள் கூலியைக் கொடுத்தவர்களும் வளைகுடாவிலிருந்து அனுப்பியவர்களுமாகச் சேர்ந்து கட்டியது. கேலரியின் அடியில் நாலு பேருக்கும் கறுப்புக் கல் ஒன்று வைப்பதென்று முடிவானது. அதைப் பேசத்தான் ஜெயசிங் வந்தான்.

ஜெயசிங் ஊர்க் கால்பந்துக் கழகத்துச் செயலாளர். ரப்பர் ஷீட் வியாபாரம். நாற்பது தாண்டியும் டீச்சர் முன்னால் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவான், பழைய மாணவன். கேலரி விழுந்தபோது இடது கால் நசுங்கியது, இன்னும் இழுத்துத்தான் நடக்கிறான். கிணற்றில் தண்ணீர் எப்படி, ஸ்மைலின் மஸ்கட்டிலிருந்து எப்போது வருகிறாள் என்று ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, கடைசியில் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினான். கல்லில் வெட்டப் போவதன் மாதிரி. டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

சைக்கிள் பெல் கோலப்பன். நாளைக்கு சுயம்புராஜ். கொக்கு ஸ்டெனி. நாலாவது வரிக்கு வந்ததும் டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார்.

மற்ற மூன்று வீட்டிலும் சம்மதம் சொல்லிவிட்டார்கள் என்றான் ஜெயசிங். கோலப்பனின் தங்கச்சி முத்துக்கனிதான் இந்த யோசனையையே சொன்னது, வெறும் பேரைப் போட்டால் ஆளைத் தெரியாது என்றும் சொன்னான். டீச்சர் கேட்டுக்கொண்டார். கோபம் வந்தால் அவர் குரல் உயராது, இன்னும் தெளிவாகும். வகுப்பில் உட்கார்ந்தவர்கள் பயந்தது அந்தத் தெளிவுக்குத்தான்.

"எனக்க வீட்ல சம்மதமில்ல மக்கா. அவருக்க பேரு எஸ். ஞானாபரணம். அத மட்டும் வெட்டு. பின்ன, வருசா வருசம் அவருக்க பேரச் சொல்லிக் கூவுதியளே, அதையும் இந்த வருசத்தோட நிறுத்தணும். செத்தவர வச்சுக் கூவுதது எந்த ஊரு மரியாத?"

கூவுவது என்றால் இந்தப் பக்கத்தில் கேலியாக ஊளையிடுவது. ஆட்டத்தில் தப்புப் பண்ணுகிறவனையும், மேடையில் உளறுகிறவனையும் கூவுவார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் ஜெயசிங்குக்கு முகம் சுருங்கிவிட்டது.

"டீச்சர், அது கூவுதது இல்ல" என்று தொடங்கினான். டீச்சர் ஒரு பார்வை பார்த்தார். சரி டீச்சர் என்று காகிதத்தை மடித்தான். எழுந்து நின்று, ஒரே ஒரு காரியம் மட்டும் கேட்டான். கல்லைத் திறந்து வைக்க டீச்சர் வர வேண்டும். கேட்டது எல்லாம் கிடைத்த பிறகு அதற்கு மறுப்பு சொல்ல டீச்சரால் முடியவில்லை.

அன்று சாயங்காலம் ஸ்மைலினிடம் போனில் சொன்னார். ஜெயித்த சந்தோஷத்தில்தான் சொன்னார். "அப்பாவ எல்லாருக்கும் அந்தப் பேர்லதானம்மா தெரியும்" என்றாள் மகள். இவளும் அப்பா பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டு, லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார் டீச்சர்.

இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை உடுத்திக்கொண்டு, ரப்பர் தோட்டத்து வழியாக நடந்தே போனார். பதினெட்டு வருடமாக வராத வழி. மரங்கள் எல்லாம் மாறியிருந்தன. பால் வெட்டி முடித்த பழைய மரங்களை அறுத்துவிட்டுப் புதுக் கன்று வைத்திருந்தார்கள், அவையும் வளர்ந்துவிட்டன. அதனால் பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

போதகர் ஒரு சின்ன ஜெபம் பண்ணினார். டீச்சர் துணியை இழுத்தார். கல் நன்றாகத்தான் இருந்தது. நாலு பேர், எழுத்துப் பிழை இல்லை. நாலாவது பேர் மற்ற மூன்றைவிடக் கண்ணியமாக, தனியாக நின்றது. டீச்சருக்குத் திருப்தி.

பிறகு ஜனங்கள் வரிசையாக வந்து பூப்போட்டார்கள். முதலில் முத்துக்கனி. மைதானத்து வாசலில் சோடாவும் மட்டிப்பழமும் விற்கிறவள். 'சைக்கிள் பெல்' என்ற எழுத்தைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தாள். எங்க அண்ணன் சைக்கிளிலிருந்து பெல்லைக் கழற்றிக்கொண்டு வந்து, கார்னர் கிக் கிடைக்கிற நேரமெல்லாம் அடித்துக்கொண்டே இருப்பான், அதனால் ஊருக்குள் பெல் இல்லாத சைக்கிளில்தான் போனான் என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னாள். சொல்லிச் சிரித்தாள், முந்தானையால் கண்ணையும் துடைத்தாள். அடுத்து வந்தவர்கள் சுயம்புராஜைப் பிடித்துக்கொண்டார்கள். எந்தத் துணி கொடுத்தாலும் நாளைக்கு என்பான், அணிக்கு ஜெர்சி தைக்கக் கொடுத்து, ஒரு இறுதி ஆட்டத்தின் முதல் பாதியை நம் பையன்கள் பனியனோடு ஆடினார்கள், இடைவேளையில்தான் இவன் ஜெர்சியைக் கொண்டுவந்தான், அதிலும் ஒன்றுக்குக் கை இல்லை. ஸ்டெனிக்கு வந்தபோது ஒருவன் அப்படியே செய்து காட்டினான். பெனால்டி என்றால் ஸ்டெனி பதற்றத்தில் ஒற்றைக் காலில் நிற்பான், பந்து அடித்து முடிகிற வரை மறு கால் தரைக்கு வராது. ஸ்டெனி செத்தபோது பிறந்தேயிராத பெண்கள் அதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

நாலாவது பேருக்கு வந்ததும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள். ஒருவரா இருவரா, அத்தனை பேரும். டீச்சர் பக்கத்தில் நிற்கிறார் என்ற பயமும் மரியாதையும்தான். ஆனால் பார்ப்பதற்கு, அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல ஊரில் யாருக்கும் ஒன்றுமே இல்லாதது போல இருந்தது.

எதிரணியோடு கடற்கரை ஊரிலிருந்து வந்த ஒரு பெரியவர் கல்லை நிதானமாக வாசித்தார். மூன்று பேருக்குச் சிரித்தார். நாலாவதில் விரலை வைத்து ஜெயசிங்கிடம் கேட்டார். "கேலரி கெட்டதுக்குக் காசு குடுத்த முதலாளி இவராக்கும், இல்லியா?"

ஜெயசிங் தரையைப் பார்த்தான். இல்லை, இவரும் செத்தவர்தான் என்று மெதுவாகச் சொன்னான். பெரியவர் ஐயோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். டீச்சருக்கு அது காதில் விழுந்தது. போய் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். மாதக் கடைசியில் மகளுக்குச் செருப்பு வாங்கக் கடன் சொல்லுகிற கிளார்க்கை முதலாளியாக்கிவிட்டோமே என்று சிரிப்பும் வந்தது, அது நெஞ்சில் வலிக்கவும் செய்தது.

ஆட்டத்துக்கு முன்னால் மௌனம். மைக் பிடித்த விபின் நாலு பேரையும் வாசித்தான். பிறகு தயங்கித் தயங்கி ஒரு வேண்டுகோள் வைத்தான். வழக்கமாக நாம் விளிக்கிற விளி இந்த வருடம் வேண்டாம், குடும்பத்தாரின் விருப்பம், எல்லாரும் ஒத்துழைக்க வேண்டும். மைதானத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. முத்துக்கனி கடையை மச்சினியிடம் விட்டுவிட்டு வந்து டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆட்டம் தொடங்கிக் கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது. எதிரணிக்காரன் ஒருவன் இரண்டு பேரை ஏமாற்றிவிட்டுப் பந்தை வலைக்குள் தட்டினான். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். வாய் திறந்தது. அப்படியே மூடிக்கொண்டது. எழுந்தவர்கள் எல்லாரும் டீச்சர் இருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

அந்த அமைதி டீச்சருக்கு நன்றாகத் தெரிந்த அமைதி. ஆண்டுக்கணக்கில் வகுப்பறைகளில் அவரே உண்டாக்கியது. அப்போதெல்லாம் பெருமையாக இருந்தது, இப்போது கூசியது. பக்கத்தில் முத்துக்கனி அழுதுகொண்டிருந்தாள்.

ஒரு கோலுக்கா அழுகிறாய் என்று டீச்சர் கேட்டார். முத்துக்கனி இல்லையென்று தலையாட்டினாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு, டீச்சரிடம் படித்ததில்லை என்பதாலோ என்னவோ, ஊரில் யாரும் சொல்லாததைச் சொன்னாள்.

இரண்டு வருடம் கழித்துப் போட்டி நடந்தபோது யாருக்கும் கைதட்டவே வரவில்லையாம். ஏன் வந்தோம் என்று எல்லாரும் குனிந்து உட்கார்ந்திருந்தார்களாம். எதிரணி கோல் அடித்தது. சாவு வீடு மாதிரி இருந்தது. அப்போது மதிலோரம் கம்பை ஊன்றி நின்றுகொண்டிருந்த ஜெயசிங், தன்னை அறியாமல், ஞானாபரணம் கூப்பிடுகிற மாதிரியே கையை உயர்த்தி ஆப்சைடு என்று கூப்பிட்டுவிட்டான். கூப்பிட்டதும் அவனே உடைந்து அழுதான். பார்த்தவர்கள் அழுதார்கள். அப்புறம் யாரோ சிரித்தார்கள். அதன் பிறகு எல்லாரும் சேர்ந்து கூப்பிட்டார்கள்.

"எங்க அண்ணன் போன பொறவு நான் மொதல்ல சிரிச்சது அண்ணைக்காக்கும் டீச்சர். நாங்க அவியள கூவல்ல. அது விளியாக்கும். வருசத்துல ஒருக்கா விளிச்சா, நாலு பேரும் வந்து கேலரில இருக்கது மாதிரி இருக்கும்."

விளி. இந்த ஊரில் பிள்ளையைச் சாப்பிட விளிப்பார்கள், மாட்டை விளிப்பார்கள், போனில் விளிப்பார்கள். டீச்சர் தினமும் கேட்கிற வார்த்தைதான். ஆனால் அவர் அதை வருடா வருடம் கரும்பலகையிலும் எழுதியிருக்கிறார். எட்டாம் வேற்றுமை, விளி வேற்றுமை. ஒருவரைத் தன் பக்கம் திரும்பும்படி அழைப்பது. எத்தனை பிள்ளைகளுக்கு மனப்பாடம் பண்ண வைத்திருப்பார். எதிரில் இல்லாதவரையும் விளிக்கலாமா என்று ஒரு பிள்ளைகூடக் கேட்டதில்லை. இத்தனை வருடமும் ஒரு ஊரே தன் புருஷனை வா வா என்று கூப்பிட்டிருக்கிறது, தான் ஜன்னலைச் சாத்திக்கொண்டும் கோட்டாற்றுக்கு ஓடிக்கொண்டும் இருந்திருக்கிறோம் என்பது டீச்சருக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி விளங்கியது. அவருக்கு அழுகை வந்தது. அதோடு பெரிய ஒரு நிம்மதியும் வந்தது. இத்தனை வருடமும் தன் புருஷனை யாருமே கேலி செய்யவில்லை.

இரண்டாம் பாதி தொடங்கியது. டீச்சர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு காத்திருந்தார். அடுத்த கோல் விழட்டும், நானே கூப்பிடுகிறேன் என்று முடிவு பண்ணியிருந்தார். நம் அணி தோற்க வேண்டும் என்று புளியறவிளையில் உட்கார்ந்து வேண்டிக்கொண்ட ஒரே ஆள் அன்றைக்கு அவராகத்தான் இருப்பார்.

கம்பத்துக்கு முன்னால் ஒரு தள்ளுமுள்ளு. பந்து யார் காலிலோ பட்டு, மேலே எகிறி, வலைக்குள் போய் விழுந்தது. ஜனம் எழுந்தது. ஜனம் எழுவதற்கு முன்பே டீச்சர் எழுந்துவிட்டார். வலது கையை உயர்த்தினார். காலை வணக்கக் கூட்டத்தில் மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை எட்டுகிற குரல் அது, ஓய்வுபெற்ற பிறகு முதல் தடவையாக முழுசாக வெளியே வந்தது.

"ஆப்சைடு."

மைதானம் அப்படியே நின்றது. நம் பையன்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்த நிலையில் நின்றுவிட்டார்கள். விசிலை வாயில் வைத்த நடுவர், எதற்கும் அசராத ஆள், வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு செவன்ஸ் ஆட்டத்தில் தான் ஏதாவது தவறவிட்டோமோ என்று கோட்டின் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஜெயசிங் காலை இழுத்துக்கொண்டு முன்வரிசைக்கு ஓடி வந்தான்.

"டீச்சரே, அது நம்ம கோலாக்கும்."

இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும் என்பதை டீச்சருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த நேரம் மேல் படியில் ஒருவன் சிரித்தான், முத்துக்கனி சிரித்தாள், அப்புறம் கேலரி முழுக்க, எதிரணி ஆட்கள், நாக்கைக் கடித்த கடற்கரைப் பெரியவர் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து ஓய்வதற்குள் கிழக்குப் பக்கத்திலிருந்து தொடங்கி மைதானத்தைச் சுற்றி வந்தது அந்த விளி. ஆயிரம் பேர், கை உயர்த்தி, அடிவயிற்றிலிருந்து. நம் அணி அடித்த நல்ல கோலுக்கு, நம் ஊரே சேர்ந்து.

ஊர் மொத்தமும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்பது டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு காலமும் எதற்குப் பயந்தாரோ, அதன் நடுவில் நின்றுகொண்டிருந்தார். அது இத்தனை சுகமாக இருக்கும் என்று அவர் நினைத்தே பார்த்ததில்லை. ஒவ்வொரு வருடமும் ஞானாபரணம் எதற்காக எழுந்து நின்றார் என்பதும் புரிந்தது. வீட்டில் வாய் திறக்காத மனிதர், இங்கே இதற்காகத்தான் வந்திருக்கிறார். டீச்சர் கண் வழிய வழியச் சிரித்தார். ஆட்டத்தைக் கடைசியில் பெனால்டியில் நாமே ஜெயித்தோம், ஆனால் அதைப் பற்றி மறுநாள் டீக்கடையில் யாரும் பேசவில்லை. எல்லாருக்கும் ஆப்சைடு டீச்சரைப் பற்றிப் பேசத்தான் நேரம் இருந்தது.

அந்த வாரமே கல் கொத்துகிறவரைக் கூப்பிட்டார்கள். மார்த்தாண்டத்துக்காரர், நிதானமான ஆள். நாலாவது பேருக்கு முன்னால் இடம் போதுமா என்று விரலால் அளந்தார், போதும் என்றார். சாக்பீஸால் எழுத்தைப் போட்டுப் பார்த்தார். 'ஆ' போட்டதும் கை நின்றுவிட்டது. பேப்பரில் எல்லாம் ஆய்த எழுத்துப் போட்டுத்தான் எழுதுகிறார்கள், இங்கேயும் ஆஃப்சைடு என்று மூன்று புள்ளி வைக்கணுமா, இல்லை வேண்டாமா, கல்லில் வெட்டினால் அப்புறம் அழிக்க முடியாது என்றார். நின்றிருந்தவர்கள் எல்லாரும் தமிழ் டீச்சரைப் பார்த்தார்கள்.

"புள்ளி வேண்டாம்" என்றார் டீச்சர். "அவரு ஆப்சைடுன்னுதான் விளிப்பாரு. கடைசியா விளிச்சது எனக்குக் கேட்டுதே."

கொத்துகிறவர் உளியை வைத்தார். டீச்சர் புடவை முழுக்கக் கல்தூசி படிய, 'டு' முடிகிற வரை பக்கத்திலேயே நின்றார்.